பதினேழாம் எண்ணின் சம்மதம்

1936-ஆம் வருஷம், நஞ்சன்கூடு சாலையில் மைசூரைத் தாண்டி ஒன்றரை மைல் போனால், ஆட்டம்மைக்கு மருந்து கண்டுபிடிப்பதற்கென்று ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. கூடம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஓட்டுக் கட்டடம் ஒன்று, ஐஸ் பெட்டி ஒன்று, பின்னால் ஆட்டுக் கொட்டகை இரண்டு, அவ்வளவுதான். காவல்காரன் ஜடையனைக் கணக்கில் சேர்க்காவிட்டால் வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். ஆடு விஷயத்தில் அந்த மூன்று பேருக்கும் மூன்று மதம்.

முதலாவது டாக்டர் திருநாராயண ஐயங்கார். மேல்கோட்டைப் பூர்வீகம். பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் இவர் வீட்டு ஜன்னலைச் சாத்துவார். எடின்பரோவில் மாட்டு வைத்தியம் படித்துவிட்டு வந்தவர். காலை பத்து மணிக்கு ஆட்டின் கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார். பிறகு கையை சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவிவிட்டு, தூக்குப் பாத்திரத்தைத் திறந்து தயிர்சாதம் சாப்பிடுவார். ஆட்டைத் தின்பது பாவம், ஆட்டிடமிருந்து தெரிந்துகொள்வது பாவமில்லை என்பது அவருடைய சித்தாந்தம்.

இரண்டாவது நான், மதலைமுத்து. ரிஜிஸ்தர் எழுதுவதும் டைப் அடிப்பதும் என் வேலை. எல்லோரும் என்னை ரைட்டர் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே மண்டி மொகல்லா கசாப்புக் கடைக்குப் போய் நெஞ்செலும்பாகப் பார்த்து வாங்குகிற சாதி. கர்த்தர் ஆட்டை எதற்குப் படைத்தார் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

மூன்றாவது சென்னிமலை. ஆடுகளைப் பார்த்துக்கொள்பவன். ராமாபுரத்துக்காரன். அந்த ஊர் அப்போது கொள்ளேகாலத்தோடு சேர்ந்து வெள்ளைக்காரன் சீமையில் இருந்தது. முந்தைய வருஷம் அம்மை வந்து, பத்தொன்பது நாளில் அவன் பட்டியில் அறுபது உருப்படியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மைசூரில் யாரோ இதற்கு மருந்து தேடுகிறார்கள் என்று சந்தையில் கேள்விப்பட்டு, செத்த ஆட்டின் மேலிருந்து உதிர்ந்த பொருக்கை வாழைச் சருகில் மடித்து எடுத்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தான். டாக்டர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததும் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டார். அவருக்கு ஆறு மாதமாகக் கிடைக்காத சரக்கு அது.

மருந்து ஒருவழியாகத் தயாராயிற்று. வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக இருபத்து நான்கு செம்மறிகள் வந்தன. ஒவ்வொன்றின் காதிலும் எண் போட்ட தகர வில்லையை மாட்டினோம். பன்னிரண்டுக்கு மருந்து போடுவது, பன்னிரண்டுக்குப் போடாமல் விடுவது, மூன்று வாரம் கழித்து இருபத்து நான்குக்கும் அம்மையை ஏற்றிவிடுவது என்று திட்டம். மருந்து போட்டவை பிழைத்து, போடாதவை விழுந்தால் மருந்து நல்ல மருந்து.

எந்த ஆடு எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தார் டாக்டர். என் தொப்பியில்தான் சீட்டுகளைக் குலுக்கினார். மனிதன் கை தேர்ந்தெடுத்தால் தெரிந்தோ தெரியாமலோ கொழுத்த ஆட்டை ஒரு பக்கம் தள்ளிவிடும், அப்புறம் முடிவு பொய்யாகிவிடும், ஆகவே சீட்டில் வந்தது வந்ததுதான் என்று கண்டிப்பாகச் சொன்னார். பெருமாளே வந்து மாற்றச் சொன்னாலும் மாற்ற முடியாது என்றார்.

சென்னிமலை மருந்து போடாத கொட்டகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்க சாமி, இந்தப் பன்னெண்டும் சாவறதுக்குத்தானுங்களா?"

"சாகணும்னு யார் சொன்னா? சிலது சாகும், சிலது பிழைக்கும்." டாக்டர் அதற்குள் பூதக்கண்ணாடியில் குனிந்துவிட்டார்.

"அதுகளைக் கேட்டாச்சுங்களா?"

"ஆச்சு, ஆச்சு," என்றார் டாக்டர். அவர் கண்ணாடியில் குனிந்திருக்கும்போது, வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று சொன்னாலும் இந்தப் பதில்தான் வரும்.

சென்னிமலை அதை நம்பவில்லை போலிருக்கிறது. நான்கைந்து நாள் கழித்துக் காலையில் தீவன ரிஜிஸ்தரோடு கொட்டகைப் பக்கம் போனேன். மருந்து போடாத ஆடுகளுக்கு நடுவில் சென்னிமலை குளித்து, ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரும் வேப்பங்கொத்தும் இருந்தன. கறுப்பு முகமும் வெள்ளை உடம்புமாக ஒரு கிடா அவன் எதிரே நின்றது. அதன் தலையிலும் முதுகிலும் தண்ணீரைத் தெளித்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்டவனைப் போல அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் பக்கத்தில் மாரியம்மனுக்குக் கிடா வெட்டுமுன் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா தலையிலிருந்து வால்வரை உடம்பைச் சிலிர்த்து உதறினால் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். துலுக்குவது என்பார்கள். துலுக்கும்வரைக்கும் பூசாரி, பங்காளி, சம்பந்தி எல்லோரும் கைகட்டி நிற்க வேண்டும். துலுக்காத கிடா மேல் கத்தி வைக்கக் கூடாது.

"சென்னிமலை, இது மாரியம்மன் கோயில் இல்லை. மகாராஜாவோட சர்க்கார் ஆபீஸ்," என்றேன்.

"உசுரு ஒண்ணுதானுங்க ரைட்டரே. பதினோரு உருப்படி துலுக்கிருச்சுங்க. இந்தப் பதினேழு மட்டும் நாலு நாளா நிக்குது."

"மருந்து போட்ட பன்னிரண்டு?"

"அதுகளுக்கு நல்லதுதானுங்களே செய்யறோம். காப்பாத்தறதுக்கு யாராச்சும் உத்தரவு கேப்பாங்களா?"

அவன் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. அதனால் எரிச்சல் வந்தது. எரிச்சலோடு போய் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஹில்டாவிடம் சொன்னேன். என் மனைவி, பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசும்போதும் கன்னடத்து 'ரீ' நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளும். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள்.

"நாங்களும் அறுவைக்கு முன்னால கட்டைவிரல் ரேகை வாங்கறோமில்ல ரீ."

"அது மனுஷங்ககிட்ட."

"வயித்துவலியில துடிக்கறவளுக்கு நாங்க படிச்சுக் காட்டறது என்ன புரியும்? அவ தலையை ஆட்டுவா, நாங்க விரலைப் பிடிச்சு வெப்போம். ஆனாலும் கேக்காம டாக்டர் கத்தி எடுக்க மாட்டார். உங்க சென்னிமலையும் அதைத்தானே செய்யறான்?"

"ஆடு என்ன சொல்லுதுன்னு இவனுக்கு எப்படித் தெரியும்?"

"இதுகிட்ட நீங்க கேட்டீங்களா?" என்று என் தட்டைக் காட்டினாள்.

அதன் பிறகும் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று வாரம் முடியப்போகிறது. அம்மை ஏற்றவேண்டிய நாள் திங்கட்கிழமை. அதற்கு வேண்டிய பொருக்குச் சாறு ஐஸ் பெட்டியில் கண்ணாடிக் குழாய்களில் இருந்தது. ஐஸ் கரைந்துகொண்டேதான் இருக்கும். திங்களைத் தாண்டினால் சாற்றின் வீரியம் போய்விடும், மறுபடி பொருக்குக்கு ஒரு வருஷம் அலைய வேண்டும். பதினேழாம் எண் அது எதையும் பற்றிக் கவலைப்படவில்லை. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கத் தெளிக்க, குளிப்பாட்டி விடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு சுகமாகக் கண்ணை மூடி அசைபோட்டது. வெயிலில் கட்டிப் பார்த்தான் சென்னிமலை. பனியில் கட்டிப் பார்த்தான். அது துலுக்கவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் கொட்டகைக்குள் வந்துவிட்டார். இருட்டில் அவர் வந்து நின்றதைச் சென்னிமலை பார்க்கவில்லை. வேப்பங்கொத்தை வீசியதில் பாதித் தண்ணீர் டாக்டர் மேல் விழுந்தது. மார்கழிக் குளிர். டாக்டர் தோளைக் குலுக்கி, தலையை இரண்டு பக்கமும் உதறினார்.

"டாக்டர் சாமி துலுக்கிப்போட்டாருங்க," என்றான் வாசலில் நின்ற ஜடையன், சாதாரணமாக.

என்னைக் கூப்பிட்டார். "என்னங்காணும் இது? நீராவது ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" நான் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏண்டா, ஆட்டுக்கு என்ன தெரியும்? அம்மை தெரியுமா, மருந்து தெரியுமா? தண்ணி பட்டா உதறும். அது சரீர சுபாவம். அதைப் போய்ச் சம்மதம்ங்கறயே."

"தண்ணி பட்டா உதறும்னா இது ஏனுங்க உதற மாட்டேங்குது?"

டாக்டர் குனிந்து கிடாவின் ஈர முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப வேணாம்னு சொல்லுதுங்க சாமி. இதை அந்தக் கொட்டாயிக்கு மாத்திப்போட்டு, அங்க இருந்து ஒண்ணைக் கொண்டாந்தா முடிஞ்சுது. நான் அதைக் கேட்டுக்கறேன்."

"மாத்தப்படாது. சீட்டு எடுத்தாச்சு. வேண்டாங்கற ஆட்டையெல்லாம் ஒதுக்கிட்டு மிச்சத்துல பார்த்தா அது என்ன சோதனை? ஒருவேளை முரட்டுக் கிடாதான் துலுக்காதோ என்னவோ. பலமானதை எடுத்துட்டு, சாதுவா இருக்கறது செத்துப்போச்சுன்னு எழுதினா நான் பொய் சொன்னதா ஆகாதா?"

"துலுக்காததைப் புடிச்சுக் குடுத்தா நான் பொய் சொன்னதா ஆகாதுங்களா?"

இருவருமே பொய் சொல்லக் கூடாது என்று நிற்பவர்கள்; நடுவில் பதினேழு அசைபோட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் வேறு ஆளை வைத்துப் பிடிக்கலாம் என்று ஜடையனைப் பார்த்தார். துலுக்காத கிடாவைத் தொட்டால் வீட்டில் பிள்ளைகுட்டிக்கு ஆகாது என்று அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். டாக்டரின் பார்வை என் பக்கம் திரும்பியது. எனக்கு அந்தக் கணத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"திங்கட்கிழமை காலம்பர எட்டு மணி," என்றார் டாக்டர் சென்னிமலையிடம். "அதுக்குள்ள உன் கிடா துலுக்கினா சரி. இல்லேன்னா மதலைமுத்து பிடிப்பார்."

சனிக்கிழமை சேதி வந்தது. ராமாபுரத்திலிருந்து கம்பு ஏற்றி வந்த வண்டிக்காரர் சொன்னார்: சென்னிமலையின் அக்கா ராமக்காள் பட்டியில் இரண்டு குட்டிக்கு மூக்கிலும் தொடையிலும் கொப்புளம் போட்டிருக்கிறது. நூற்றுப் பத்து உருப்படி உள்ள பட்டி. அன்றைக்குச் சென்னிமலை சாப்பிடவில்லை. கொட்டகைக்குப் போய்ப் பதினேழின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சொந்தக்காரனிடம் பேசுவதுபோல வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான். என்ன பேசினான் என்று எனக்குக் கேட்கவில்லை. கிடா அவன் துண்டைக் கடித்து இழுத்து விளையாடியது.

இனி நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ராமாபுரத்து ஆடுகள் மேல் கருணையால் செய்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. கொம்பு வளைந்த ஒரு கிடாவை, அது சாகவேண்டும் என்பதற்காக, என் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு நிற்க எனக்குப் பயமாக இருந்தது. கறியாக வந்தால் எத்தனை ராத்தலானாலும் பயமில்லை.

ஆட்டின் காதுக்குள் தண்ணீர் போனால் அது உதறாமல் இருக்காது என்பது ஆடு வளர்க்காத எனக்கே தெரியும். திங்கட்கிழமை விடிந்ததும், பேனாவுக்கு மை ஏற்றும் ரப்பர்க் குமிழ்க் குழாயை எடுத்து நான்கு தரம் கழுவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். சென்னிமலை கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். அவன் செம்போடு வரும் காலடி கேட்டதும், பதினேழைத் தடவிக்கொடுப்பதுபோல் குனிந்து, இடது காதுக்குள் ஒரு குழாய்த் தண்ணீரை அழுத்திவிட்டு விலகி நின்றேன்.

சென்னிமலை தெளித்தான். கிடா கண்ணைத் திறந்தது. தலையைச் சாய்த்தது. பிறகு காதிலிருந்து வால் நுனிவரைக்கும், தகர வில்லை சலசலக்க, மூன்று தரம் உதறியது. அவ்வளவு அருமையான துலுக்கலை நான் எந்தத் திருவிழாவிலும் பார்த்ததில்லை.

சென்னிமலை கிடாவின் பக்கத்தில் போய், இடது கன்னத்தைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"செரி," என்றான். அதைத் தானே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனான்.

எட்டு மணிக்கு இருபத்து நான்கு ஆடுகளுக்கும் அம்மை ஏற்றியாயிற்று. டாக்டருக்குச் சந்தோஷம். "கடைசியில ஒத்துண்டதா உன் கிடா?" என்று கேட்டுச் சென்னிமலையின் முதுகில் தட்டினார். நான் ரிஜிஸ்தரில் தேதி போட்டு எழுதினேன்.

மருந்து நல்ல மருந்துதான். போட்ட பன்னிரண்டும் ஒரு தும்மல்கூட இல்லாமல் நின்றன. போடாத பன்னிரண்டுக்கும் ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது, எட்டாம் நாள் கொப்புளம் கிளம்பியது. ஏழு பிழைத்தன, ஐந்து போய்விட்டன. ஐந்தில் ஒன்று பதினேழு. சென்னிமலை அதற்கு வேப்பிலை அரைத்துத் தடவினான், புல்லரிசிக் கஞ்சியை வாயோரம் ஊற்றினான். கண் இரண்டும் ஒட்டிப்போய், சத்தம் வந்த பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பியது. பதின்மூன்றாம் நாள் மத்தியானம், டாக்டர் தயிர்சாதத் தூக்கைத் திறக்கும் நேரத்தில் செத்தது. டாக்டர் அன்றைக்குத் தூக்கை மூடி அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போனார். வயிறு சரியில்லை என்றார்.

டாக்டர் முடிவைப் பெங்களூருக்குத் தந்தியில் சொல்லிவிட்டு, மறுநாளே ராமாபுரத்துக்கு மருந்து அனுப்பினார். ராமக்காள் பட்டியில் அதற்குள் இருபது போயிருந்தன, தொண்ணூறு நின்றன. அக்கம்பக்கத்துப் பட்டிகளில் அம்மை ஏறவே இல்லை. வண்டிக்காரர் வந்து சொன்னபோது சென்னிமலை கும்பிட்டான். அம்மனைக் கும்பிட்டானா, டாக்டரையா என்று தெரியவில்லை; அவர் இருந்த திசை அதுதான்.

அவன் சந்தோஷமாக இருக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். செத்த ஆடுகளைப் புதைத்த குழிக்கு மேல் சுண்ணாம்பு போட்டுவிட்டு வந்து, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"சென்னிமலை, அன்னிக்கு அந்தக் கிடா தானா துலுக்கலை. நான்தான் காதுல தண்ணி விட்டேன்."

"தெரியுமுங்க."

"எப்படித் தெரியும்?"

"காதுல இருந்து வடிஞ்ச தண்ணி நீலமா இருந்துச்சுங்க."

நான்கு தரம் கழுவியும் மை போகவில்லை.

"தெரிஞ்சா ஏன் பேசாம இருந்தே? உனக்குத்தான் அது அவ்வளவு பெரிய விஷயமாச்சே."

அவன் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினான்.

"எங்கூருப் பூசாரியும் காதுல சொட்டு உடுவாருங்க. வேப்பங்குச்சியில. ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி நிப்போமுங்க, கறி திங்கோணுமில்ல. இங்க கறியும் இல்லை, திருநாளும் இல்லை. இங்கயாச்சும் நெசமாக் கேப்போம்னு பாத்தேன். பதினொண்ணை நெசமாத்தான் கேட்டேனுங்க. அக்கா ஊட்டுச் சேதி வந்த பொறவு எனக்கும் சீக்கிரம் முடிஞ்சாத் தேவலைன்னு ஆயிப்போச்சு. நீங்க ஊத்துனீங்க. நான் பாத்துப்போட்டு, பாக்காதவனாட்ட நின்னுட்டேன்."

"ஆனா அதனால தொண்ணூறு ஆடு பிழைச்சுதே."

"பொழைச்சுதுங்க. அது நல்லதுதானுங்க. இந்தக் கெடா வேண்டாம்னு சொல்லுச்சு, அதுவும் நெசந்தானுங்களே."

அன்று நான் வெகுவாக வெட்கப்பட்டேன். இந்த விஷயத்தை வேடிக்கையாகவே சொல்லிப் பழகிவிட்டதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொண்ணூறை வைத்து ஒன்றைக் கழித்துப் பார்த்தால் எனக்கு எப்போதும் சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் கண் ஒட்டிப்போன அந்த முகம் என் பக்கம் திரும்பியது நினைவைவிட்டுப் போகவில்லை.

மேலிடத்துக்குத் திருப்தி, அடுத்த மாதமே நாற்பது ஆடுகளை வைத்து இன்னொரு சோதனை செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. டாக்டர் ஒரு வாரம் யோசித்திருக்கிறார். ஒரு நாள் காலை சென்னிமலையையும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். முகத்தில் அவ்வளவு பெருமை.

"அறுபது ஆடு தருவிக்கறேன். சீட்டு எடுக்கறதுக்கு முன்னாலேயே நீ எல்லாத்தையும் கேட்டுடு. எது துலுக்கறதோ அதை மட்டும் சீட்டுல சேர்ப்போம். துலுக்காதது அன்னிக்கே இங்கேருந்து போயிடட்டும். மிச்சத்துல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கும்? கணக்கும் கெடாது, உன் அம்மனும் கோவிச்சுக்க மாட்டா. எப்படி?"

எடின்பரோவில் படித்தவர் மஞ்சள் தண்ணீருக்கு இடம் விட்டுத் திட்டம் போட்டிருக்கிறார். நான் கைதட்டலாமா என்று பார்த்தேன். சென்னிமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாமுங்க சாமி. இனிமே நான் கேக்கலை."

"ஏண்டா? நீ கேட்டதைத்தானே தரேன்?"

"கேட்டா, வேண்டாம்னு சொன்னா உட்டுரோணுமுங்க. அவசரம் வந்தா நம்மளால உட முடியாது. அது தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பொறவு செம்பைத் தூக்கிட்டு முன்னால போய் நிக்கக் கூச்சமா இருக்குதுங்க. நீங்க சீட்டுப் போட்டு எடுங்க. நான் புடிச்சுத் தாரேன். ஒண்ணையும் கேக்காம புடிச்சுத் தாரேன்."

டாக்டர் ஏனென்று என்னைப் பார்த்தார். நான் காது விஷயத்தைச் சொன்னேன். வேலை போய்விடும் என்று எண்ணித்தான் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

நாற்பது ஆடுகள்தான் வந்தன. சீட்டு எடுத்து, இருபதுக்கு மருந்து போட்டு, மூன்று வாரம் போய், அம்மை ஏற்றும் நாளும் வந்தது. சென்னிமலை சொன்னபடி, மருந்து போடாத கொட்டகையிலிருந்து முதல் ஆட்டை அணைத்துக் கொண்டுவந்து டாக்டர் முன்னால் நிறுத்தினான். அது ஒரு பெட்டை. செம்பும் மஞ்சளும் எதுவும் இல்லை. நான் ரிஜிஸ்தரைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஊசியை எடுத்துக் குனிந்தவர், அப்படியே நின்றார். ஆடு அவர் முகத்தைப் பார்த்தது. அவர் ஆட்டைப் பார்த்தார்.

"போடுங்க சாமி," என்றான் சென்னிமலை. "ஏனுங்க நிக்கறீங்க?"

"இருடா. ஒரு நிமிஷம் இரு."

நாங்கள் மூன்று பேரும் அந்த ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது காதை ஒரு தரம் அசைத்தது, அவ்வளவுதான். வெளியே நஞ்சன்கூட்டு ரயில் போகிற சத்தம் கேட்டு அடங்கியது. சென்னிமலை பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆட்டின் கழுத்து ரோமத்தைத் தன் விரலால் விலக்கிப் பிடித்தான். டாக்டர் ஊசியைப் போட்டார்.

நான் ஒன்று என்று எழுதினேன். அடுத்ததைக் கொண்டுவரச் சொல்ல டாக்டருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. சென்னிமலை தானாகவே போய்க் கொண்டுவந்தான்.